லண்டன் அமைப்பு தொடக்கநிலை மாணவருக்கு உதவுமா? – ஒரு மதிப்பீடு

அறிமுகம்

லண்டன் அமைப்பு என்பது சதுரங்கத்தில் வெள்ளைக் காய்களுடன் ஆடுபவர் பயன்படுத்தும் ஒரு திறப்பு முறையாகும். பெரும்பாலான திறப்புகளில் எதிராளியின் ஒவ்வொரு பதிலுக்கும் தனித்தனி நகர்வு வரிசைகளைக் கற்க வேண்டும். லண்டன் அமைப்பில் அந்தச் சுமை குறைவு. கறுப்பு எதை ஆடினாலும் வெள்ளை தன் காய்களை ஏறத்தாழ ஒரே இடங்களில் நிறுத்துகிறது. அதனால்தான் இதற்கு 'அமைப்பு' என்று பெயர்.

கற்பதற்கு எளிது என்ற காரணத்தால் இந்தத் திறப்பு பள்ளி மாணவர்களிடையே வேகமாகப் பரவியுள்ளது. எந்த எதிராளிக்கும் இதே எட்டு நகர்வுகள் போதும் என்று சொல்லும் இணையக் காணொளிகள் ஏராளம். மறுபுறம், இது சோம்பேறிகளின் திறப்பு, இதை ஆடுபவர் வளர மாட்டார் என்று ஏளனம் செய்வோரும் உண்டு. இவ்விரு கருத்துகளையும் வட சென்னையின் மாத்தூர் போன்ற ஒரு பகுதியில் செஸ் கற்கும் மாணவரின் நிலையிலிருந்து இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

அமைப்பின் வடிவம்

சதுரங்கப் பலகையின் எட்டு நெடுவரிசைகள் வெள்ளையின் இடப்பக்கத்திலிருந்து ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் என்று பெயர் பெறும். கிடைவரிசைகள் வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை எண்ணப்படும். ஒரு கட்டத்தின் பெயர் இவ்விரண்டும் சேர்ந்தது. ராணிக்கு முன்னிற்கும் சிப்பாய் இரண்டு கட்டம் நகர்ந்தால் அது டி4.

லண்டன் அமைப்பில் வெள்ளை முதலில் டி4 ஆடுகிறது. பிறகு சி1 கட்டத்தில் நிற்கும் மந்திரியை எஃப்4 கட்டத்துக்குக் கொண்டு வருகிறது. அதன் பின்னரே இ3, சி3 ஆகிய சிப்பாய் நகர்வுகள் வருகின்றன. ஒரு குதிரை எஃப்3-க்கும் மற்றொன்று டி2-க்கும் செல்லும். இன்னொரு மந்திரி டி3-இல் நின்று கறுப்பு ராஜாவின் பக்கமான எச்7 கட்டத்தைக் குறிவைக்கும். கடைசியாக வெள்ளை ராஜா கோட்டை கட்டிக்கொள்ளும். சி3, டி4, இ3 சிப்பாய்கள் மூன்றும் சேர்ந்து ஒரு சிறு கோபுரம் போலத் தோன்றும்.

இந்த ஒழுங்கில் ஒரு காரணம் இருக்கிறது. இ3 சிப்பாயை முதலில் நகர்த்தினால் சி1 மந்திரியின் வழி அடைபட்டுவிடும். மந்திரி வெளியே வந்த பின் கதவைச் சாத்துவது லண்டன் அமைப்பு. பெல்ஜிய ஆட்டக்காரர் எட்கர் கோல் பெயரால் வழங்கும் கோல் அமைப்பில் மந்திரி உள்ளேயே இருக்க, இ3 சிப்பாய் முதலில் நகரும். இரண்டுக்கும் உள்ள முதன்மையான வேறுபாடு இதுவே. நகர்வுகளை மட்டும் மனப்பாடம் செய்த மாணவர் இந்தக் காரணத்தை அறியாமலே ஆடக்கூடும். ஏன் இந்த வரிசை என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிந்த மாணவர்தான் திறப்பைக் கற்றவர்.

பெயரும் வரலாறும்

மந்திரியை இரண்டாம் நகர்விலேயே எஃப்4-க்குக் கொண்டு வரும் ஆட்டம் 19-ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. அயர்லாந்தில் பிறந்த ஜேம்ஸ் மேசன் அதை ஆடியதால் அவர் பெயராலும் அது வழங்கப்பட்டது. 1922-இல் லண்டனில் நடந்த சர்வதேசப் போட்டிக்குப் பிறகு 'லண்டன்' என்ற பெயர் நிலைத்தது. அந்தப் போட்டியில் காபாபிளாங்கா முதலிடம் பெற்றார். அலெகின், மாக்ஸ் ஆய்வேக்கு எதிராக இந்த அமைப்பை ஆடி வென்ற ஆட்டமும் அங்கேதான் நடந்தது.

அக்காலத்தில் கறுப்பு ஆட்டக்காரர்கள் நடுப்பலகையைச் சிப்பாய்களால் பிடிக்காமல், மந்திரியை ஜி7-இல் வைத்துத் தொலைவிலிருந்து தாக்கும் புதிய முறையைக் கையாளத் தொடங்கியிருந்தனர். அதற்கு எதிராக உறுதியான, ஆபத்து குறைந்த ஒரு நிலையை அமைத்துக்கொள்ள லண்டன் அமைப்பு உதவியது. எந்த எதிராளிக்கும் பொருந்தும் சூத்திரமாக அன்று அது ஆடப்படவில்லை. குறிப்பிட்ட ஒரு வகைப் பாதுகாப்புக்கான பதிலாகவே ஆடப்பட்டது. இன்றைய விளம்பரங்கள் மறந்துவிட்ட செய்தி இது.

பின்னர் நெடுங்காலம் உயர்நிலை ஆட்டக்காரர்கள் இதைப் பெரிதாக மதிக்கவில்லை. வெள்ளைக்குக் கிடைக்கும் முதல் நகர்வின் மேன்மையை இது வீணாக்குகிறது என்பது அவர்கள் குறை. குரோஷிய கிராண்ட்மாஸ்டர் விளாட்கோ கோவாசெவிச் போன்ற சிலர் விடாமல் ஆடிவந்தனர். அவர் ஸ்வெர்ரே யான்சனுடன் இணைந்து எழுதிய லண்டன் அமைப்பு பற்றிய நூல் 2005-இல் வெளிவந்தது. பிறகு கட்டா காம்ஸ்கி இதைத் தொடர்ந்து ஆடினார். 2016-இல் விக் ஆன் ஜீ நகரில் நடந்த டாட்டா ஸ்டீல் போட்டியில் அன்றைய உலக வாகையர் மேக்னஸ் கார்ல்சன் இதே அமைப்பால் தோமாஷெவ்ஸ்கியை வென்றார். அதன்பின் ஏளனம் குறைந்தது.

உலக வாகையர் போட்டியிலும் இது இடம்பெற்றது. 2023-இல் அஸ்தானாவில் நடந்த போட்டியின் 6-ஆம் ஆட்டத்தில் டிங் லிரென் லண்டன் அமைப்பை ஆடி நெப்போம்நியாச்சியை 44 நகர்வுகளில் தோற்கடித்தார். 2024-இல் சிங்கப்பூரில் சென்னையின் குகேஷுக்கு எதிராக 6-ஆம் ஆட்டத்திலும் 10-ஆம் ஆட்டத்திலும் டிங் அதையே தேர்ந்தெடுத்தார். இரண்டும் டிராவில் முடிந்தன.

மாத்தூரும் சதுரங்கமும்

மாத்தூர், மணலியை ஒட்டிய பகுதி. எம்.எம்.டி.ஏ. உருவாக்கிய குடியிருப்பு மனைத் திட்டத்தால் 'எம்.எம்.டி.ஏ. மாத்தூர்' என்று அழைக்கப்படுகிறது. 2011-இல் சென்னை மாநகராட்சி விரிவாக்கப்பட்டபோது அதனுடன் இணைந்து, மணலி மண்டலத்தில் உள்ளது. அருகில் மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் இயங்குகின்றன. கிழக்கே திருவொற்றியூர், எண்ணூர், அவற்றின் தொழிற்சாலைகள், துறைமுகங்களுக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகள். ஷிப்டு வேலைக்குப் போகும் பெற்றோர் நிறைந்த வட்டாரம் இது.

பலகை விளையாட்டு இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. வட சென்னையில் கேரம் மன்றங்களுக்கு நீண்ட மரபு உண்டு. 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா வண்ணாரப்பேட்டைப் பகுதியைச் சேர்ந்தவர். சதுரங்கத்தைப் பொறுத்தவரை சென்னை இந்தியாவின் தலைநகரம் என்றே சொல்லலாம். 1961-இல் நாட்டின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவல் ஆரோன், 1988-இல் முதல் கிராண்ட்மாஸ்டரான விஸ்வநாதன் ஆனந்த், பாடியில் வளர்ந்த வைஷாலி, பிரக்ஞானந்தா, 2024-இல் உலக வாகையரான குகேஷ் என்று பட்டியல் நீளும். 2022-இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது அரசுப் பள்ளி மாணவர்களிடையேயும் போட்டிகள் நடத்தப்பட்டன. விளையாட்டின் மீது ஆசை எல்லா வட்டாரங்களுக்கும் பரவிவிட்டது.

ஆசை பரவிய அளவுக்கு வசதி பரவவில்லை. தனிப் பயிற்சியாளர், மதிப்பெண் தரப்படும் போட்டிகளுக்கான நுழைவுக் கட்டணம், பயணம், வார இறுதி முழுவதும் உடன் வரும் பெற்றோர் ஒருவர் என்று சதுரங்கம் இன்று பணமும் நேரமும் கேட்கும் விளையாட்டு. மாத்தூரில் ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு மாணவருக்குப் பள்ளி, வீட்டுப்பாடம் போக ஒரு நாளில் முக்கால் மணி நேரம் கிடைக்கலாம். கையில் இருப்பது வீட்டார் வேலையிலிருந்து திரும்பிய பின் கிடைக்கும் கைபேசி. அந்த முக்கால் மணியை எதில் செலவிடுவது என்பதே அவருடைய உண்மையான சிக்கல். லண்டன் அமைப்பின் நன்மை தீமைகளை இந்த அளவுகோலால்தான் அளக்க வேண்டும்.

நிறைகள்

முதல் நிறை, நேரச் சிக்கனம். இ4 என்று ஆட்டத்தைத் தொடங்கும் மாணவர் சிசிலியப் பாதுகாப்பு, பிரெஞ்சுப் பாதுகாப்பு, காரோ-கான், இ5 என்று குறைந்தது நான்கு முற்றிலும் வேறுபட்ட பதில்களைச் சந்திக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பல கிளைகள். அவற்றைத் தொகுத்துத் தரப் பயிற்சியாளர் இருந்தால் சரி. இல்லாத மாணவர் முதல் பத்து நகர்வுகளிலேயே தடுமாறி, ஆட்டம் தொடங்கும் முன்பே தோற்றுவிடுகிறார். லண்டன் அமைப்பு இந்த ஆபத்தைப் பெரிதும் குறைக்கிறது.

இரண்டாவது, பாதுகாப்பு. ராஜா விரைவில் கோட்டைக்குள் போய்விடுகிறது. நடுப்பலகையில் சிப்பாய்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. தொடக்கநிலை மாணவர் ஒரு சிறு தவறு செய்தாலும் நிலை உடனே சரிந்துவிடாது.

மூன்றாவது, ஒரே வகை நடுவாட்டம் திரும்பத் திரும்ப வருவது. இ5 கட்டத்தில் குதிரையை ஊன்றி வைப்பது, டி3 மந்திரியால் எச்7-ஐத் தாக்குவது, தக்க நேரத்தில் இ4 என்று நடுவைத் திறப்பது ஆகிய கருத்துகள் பல ஆட்டங்களில் வரும். ஒரு கருத்தைப் பத்து ஆட்டங்களில் சந்தித்தால் அது கைவசமாகும். பத்துக் கருத்துகளை ஒவ்வொரு முறை சந்தித்தால் எதுவும் தங்காது.

இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் 'சோம்பேறிகளின் திறப்பு' என்ற ஏளனம் நியாயமற்றது. பயிற்சியாளருக்குப் பணம் கொடுக்க முடிந்தவர் முப்பது வரிசைகளைக் கற்கலாம். முடியாதவர் தெளிவான ஒரு முறையைத் தேர்ந்தெடுப்பதைச் சோம்பல் என்று சொல்வது, வசதியைத் திறமை என்று எண்ணும் பிழை.

குறைகள்

லண்டன் அமைப்பின் குறைகள் பெரும்பாலும் அதைக் கற்பிக்கும் முறையில் உள்ளன. 'எதிராளி என்ன ஆடினாலும் பரவாயில்லை' என்ற வாக்கியம்தான் எல்லாவற்றுக்கும் மூலம். சதுரங்கத்தில் எதிராளி ஆடிய நகர்வைப் பார்க்காமல் ஆடலாம் என்று ஒரு குழந்தைக்குச் சொல்வது, சாலையைப் பார்க்காமல் சைக்கிள் ஓட்டலாம் என்று சொல்வதற்குச் சமம். கீழ்வரும் நான்கு நிலைகள் இதைக் காட்டும்.

முதலாவது, தொடக்கத்திலேயே வரும் ஒரு பொறி. வெள்ளை டி4 ஆடியதும் கறுப்பு இ5 என்று சிப்பாயைக் கொடுக்கிறது. வெள்ளை வெட்டுகிறது. கறுப்புக் குதிரை சி6-க்கும், வெள்ளைக் குதிரை எஃப்3-க்கும், கறுப்பு ராணி இ7-க்கும் வருகின்றன. வெள்ளை வழக்கம்போல் மந்திரியை எஃப்4-இல் வைக்கிறது. இது வரை தவறில்லை. அந்த மந்திரி இ5 சிப்பாயைக் காக்கிறது. இப்போது கறுப்பு ராணி பி4-க்கு வந்து செக் சொல்கிறது. மந்திரி டி2-க்குத் திரும்பி மறைக்கிறது. ராணி பி2 சிப்பாயை வெட்டுகிறது. இங்கே மந்திரியை சி3-இல் வைத்து ராணியைத் துரத்துவது இயல்பாகத் தோன்றும். ஆனால் கறுப்பு தன் மந்திரியை பி4-இல் வைத்ததும் வெள்ளை மந்திரி ராஜாவுக்கு முன் கட்டுண்டுவிடுகிறது. வெள்ளை ராணி டி2-க்கு வந்து காக்க முயன்றால், கறுப்பு சி3-இல் வெட்டும். வெள்ளை ராணி திரும்ப வெட்டியதும் கறுப்பு ராணி சி1-க்கு இறங்கிச் செக்மேட். எட்டே நகர்வில் ஆட்டம் முடிந்தது. மந்திரிக்குப் பதில் குதிரையை சி3-இல் வைத்திருந்தால் வெள்ளைக்கே நல்ல நிலை. குதிரை எப்போதும் டி2-க்குத்தான் போகும் என்று மனப்பாடம் செய்த மாணவருக்கு அந்த நகர்வு கண்ணிலேயே படாது.

இரண்டாவது, பி2 சிப்பாயின் பலவீனம். சி1-இல் நின்ற மந்திரிதான் அதற்குக் காவல். அது எஃப்4-க்குப் போனதும் காவல் போய்விடுகிறது. கறுப்பு சி5 ஆடி, ராணியை பி6-க்குக் கொண்டு வந்தால் பி2 மீது தாக்குதல் வரும். வெள்ளை ராணியை பி3-இல் எதிர்நிறுத்தலாம், அல்லது குதிரையை சி3-இல் வைத்து சிப்பாயைக் கொடுத்து வேகம் பெறலாம், அல்லது வேறு வகையில் காக்கலாம். எது சரி என்பது கறுப்புக் காய்கள் அந்நேரம் எங்கே நிற்கின்றன என்பதைப் பொறுத்தது. இங்கே அமைப்பு பதில் தராது. மாணவர்தான் கணக்கிட வேண்டும்.

மூன்றாவது, எஃப்4 மந்திரியைத் தேடி வரும் குதிரை. கறுப்புக் குதிரை எஃப்6-இலிருந்து எச்5-க்குச் சென்றால் மந்திரியை மாற்றிக்கொள்ளலாம் என்ற மிரட்டல் உருவாகும். எச்3 என்ற சிறு நகர்வை முன்கூட்டியே ஆடியிருந்தால் மந்திரி எச்2-க்கு ஒதுங்கும். ஆடவில்லை என்றால் ஜி5, ஜி3, இ5 என்று வேறு கட்டங்களை எடைபோட வேண்டும். ஜி3-இல் மாற்றிக்கொண்டு எச் சிப்பாயால் வெட்டினால் எச் நெடுவரிசை திறந்து வெள்ளை யானைக்கு வழி கிடைக்கும். சில நிலைகளில் அது நன்மை, சிலவற்றில் இல்லை.

நான்காவது, கறுப்பு ஜி6 ஆடி மந்திரியை ஜி7-இல் வைக்கும் நிலை. இங்கே டி3 மந்திரி எச்7-ஐக் குறிவைத்துப் பயனில்லை. ஜி6 சிப்பாய் அந்த மூலைவிட்டத்தை அடைத்து நிற்கும். மேலும் கறுப்பு டி6, பின் இ5 என்று தள்ளினால் எஃப்4 மந்திரி துரத்தப்படும். எனவே அனுபவசாலிகள் மந்திரியை இ2-இல் வைத்து, எச்3 ஆடி, திட்டத்தையே மாற்றிக்கொள்கிறார்கள். எதிரே என்ன நிற்கிறது என்று பாராமல் டி3-க்கே போகும் மாணவர் சுவரை நோக்கிக் கல் எறிகிறார்.

இந்நான்கும் அரிய நிலைகள் அல்ல. பள்ளிப் போட்டிகளிலேயே வரக்கூடியவை. எட்டு நகர்வுகளை மட்டும் கற்ற மாணவர் தொடக்கத்தில் சில வெற்றிகளைப் பெறுவார். எதிராளிகளும் புதியவர்கள் என்பதால் அது நடக்கும். சற்றே வலுவானவர்களைச் சந்தித்ததும் தோல்விகள் தொடங்கும். அப்போது வீட்டில் உள்ளவர்கள் பிள்ளைக்கு அவ்வளவுதான் திறமை என்று முடிவு செய்துவிடும் ஆபத்து இருக்கிறது. பிழை கற்பித்த முறையில் இருக்க, பழி பிள்ளையின் மேல் விழும். இழப்பு நேர்வது இங்கேதான்.

வல்லவர்கள் ஆடிய லண்டன்

உலக வாகையர்களே ஆடுகிறார்கள் என்பதை லண்டன் அமைப்பின் விளம்பரமாகப் பலர் காட்டுகின்றனர். அந்த ஆட்டங்களைத் திறந்து பார்த்தால் வேறு செய்தி கிடைக்கிறது.

2023-இன் 6-ஆம் ஆட்டத்தில் டிங் லிரென் பாடநூல் கோபுரத்தைக் கட்டவில்லை. கறுப்பு டி4-இல் வெட்டியதும் இ3 சிப்பாயால் திரும்ப வெட்டினார். சி3, டி4, இ3 என்ற வடிவம் அங்கேயே மாறிவிட்டது. டி3-க்குப் போக வேண்டிய மந்திரி பி5-க்குப் போனது. எஃப்4 மந்திரி விரைவிலேயே டி6-இல் மாற்றிக்கொள்ளப்பட்டது. பத்து நகர்வுகளுக்குள் அமைப்பின் இரு மந்திரிகளும் வழக்கத்தை விட்டு விலகிவிட்டன. வெற்றி வந்தது பின்னர் ராணி, யானை, குதிரை மூன்றும் சேர்ந்து கறுப்பு ராஜாவைச் சுற்றி வளைத்ததால். அந்த வளைப்பு எந்த எட்டு நகர்வுப் பட்டியலிலும் இல்லை.

2024-இன் 6-ஆம் ஆட்டம் எதிர்ப்பக்கத்துப் பாடம். நகர்வுகளைத் திரும்பச் செய்து டிரா பெற வழியிருந்தும் குகேஷ் அதைத் தவிர்த்துப் போராட்டத்தைத் தொடர்ந்தார். முடிவு டிராதான். ஆனால் லண்டன் என்றால் சாதுவான, சலிப்பான ஆட்டம் என்ற எண்ணத்துக்கு அது மறுப்பு. 10-ஆம் ஆட்டம் அதே திறப்பில் தொடங்கி, பெரிய மோதலின்றி முடிந்தது. திறப்பு ஒன்று, ஆட்டம் இரண்டு வகை.

அந்தப் போட்டியின் தீர்ப்பு எங்கே கிடைத்தது என்பதும் கவனிக்கத்தக்கது. 2024 டிசம்பர் 12 அன்று நடந்த 14-ஆம் ஆட்டத்தில், 55-ஆம் நகர்வில் டிங் தன் யானையை எஃப்2-க்கு நகர்த்தினார். யானைகள் மாறின, மந்திரிகளும் மாறின. மிஞ்சியது ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டுமே. ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்திருந்த குகேஷ் 58-ஆம் நகர்வில் வென்றார். உலகப் பட்டம் கைமாறியது திறப்பில் அல்ல, சிப்பாய் இறுதியாட்டத்தில்.

எவ்வாறு கற்பிக்கலாம்?

மேற்கண்டவற்றிலிருந்து ஒரு முடிவுக்கு வரலாம். லண்டன் அமைப்பின் மதிப்பு அது தரும் நிலையில் இருப்பதைவிட, அது மிச்சப்படுத்தும் நேரத்தில்தான் அதிகம். கணினியின் கணக்கில் வெள்ளைக்கு இந்தத் திறப்பால் பெரிய மேன்மை கிடைப்பதில்லை. ஆனால் பல மாதங்கள் திறப்புகளில் கரையாமல் மிஞ்சும். அந்த மிச்சம் எங்கே போகிறது என்பதே கேள்வி. இன்னொரு காணொளி பார்ப்பதில் போனால் பயனில்லை. தந்திரப் புதிர்களுக்கும் இறுதியாட்டத்துக்கும் போனால் மாணவர் வளர்வார்.

தனிப் பயிற்சியாளர் இல்லாத மாணவரும், பள்ளியில் செஸ் கற்றுத்தரும் ஆசிரியரும் பின்பற்றத்தக்க சில வழிகள்:

1. ஒவ்வொரு நகர்வுக்கும் காரணம் சொல்லப் பழக வேண்டும். இ3-க்கு முன் ஏன் மந்திரி, எச்3 எதற்கு, சி3 எந்தத் தாக்குதலைத் தாங்குகிறது என்று வாய்விட்டுச் சொல்லத் தெரிந்த பின்பே அடுத்த படிக்குப் போகலாம்.

2. எதிராளி ஆடியதும் மூன்று கேள்விகள்: பி2 பாதுகாப்பாக இருக்கிறதா? எஃப்4 மந்திரிக்கு ஒதுங்க இடம் இருக்கிறதா? கறுப்பு ஜி6 ஆடிவிட்டதா? இம்மூன்றுக்கும் விடை கண்ட பின்னரே வழக்கமான நகர்வை ஆட வேண்டும்.

3. ஒரே தொடக்க நிலையைப் பல எதிராளிகளுடன் ஆடிப் பார்க்க வேண்டும். ஆனந்த் சிறுவயதில் பழகிய சென்னை டால் செஸ் மன்றத்தில் விரைவாட்டத்தில் தோற்றவர் எழுந்துகொள்ள, வென்றவர் அடுத்தவருடன் தொடர்ந்து ஆடுவது வழக்கமாக இருந்தது. நான்கு மாணவர்களும் ஒரு பலகையும் இருந்தால் மாத்தூரின் எந்தப் பள்ளி வராந்தாவிலும் இதைச் செய்யலாம்.

4. தோற்ற ஆட்டத்தைக் கணினியிடம் காட்டுவதற்கு முன் தானே ஆராய வேண்டும். குகேஷ் தன் வளர்ச்சிக் காலத்தில் கணினி இயந்திரங்களின் துணையைப் பெரிதும் தவிர்த்தே பயின்றார் என்பது பலமுறை எழுதப்பட்ட செய்தி. விலையுயர்ந்த கணினி இல்லாததைக் குறையாக எண்ண வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் எழுதிவைத்த நகர்வுகளும் போதும்.

5. முக்கால் மணி நேரப் பயிற்சியில் திறப்புக்குப் பத்து நிமிடம், புதிர்களுக்கு இருபது நிமிடம், இறுதியாட்டத்துக்குப் பதினைந்து நிமிடம் என்று பிரித்துக்கொள்ளலாம். ராஜாவும் ஒரு சிப்பாயும் உள்ள இறுதியாட்டத்தை முழுமையாகக் கற்ற மாணவர், ஐம்பது திறப்புகளின் பெயர் தெரிந்தவரைவிட அதிக ஆட்டங்களை வெல்வார்.

6. லண்டன் அமைப்பில் ஓராண்டு ஆடிய பின் மற்றொரு திறப்பையும் தொட வேண்டும். டி4-இல் தொடங்கி சி4 ஆடும் திறப்பு இயல்பான அடுத்த படி. நடுப்பலகைக்காக நேரடியாகப் போராடும் அனுபவத்தை அது தரும். எப்போதும் சி3-யிலேயே சிப்பாயை வைத்துப் பழகியவருக்கு அந்த அனுபவம் எளிதில் கிடைக்காது.

கறுப்புக் காய்களுக்கு இந்த வசதி இல்லை என்பதையும் மறக்கக்கூடாது. ஆட்டங்களில் பாதி கறுப்புடன் ஆட வேண்டியவை. அங்கே எதிராளியின் நகர்வைப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். வெள்ளையில் பார்க்காமல் ஆடிப் பழகியவர் கறுப்பில் திண்டாடுவார். வெள்ளையிலும் பார்த்து ஆடிப் பழகியவருக்கு அந்தப் பழக்கம் இரு பக்கமும் உதவும்.

முடிவுரை

கேரம் பலகையில் முதல் அடியை ஓராயிரம் முறை பழகிய ஆட்டக்காரருக்கும் காய்கள் ஒவ்வொரு முறையும் வேறு வேறு விதமாகத்தான் சிதறும். பழக்கம் அடியை உறுதியாக்கும். சிதறிய பிறகு எந்தக் காயை முதலில் எடுப்பது என்பதைக் கண்தான் சொல்ல வேண்டும். வட சென்னையின் பிள்ளைகளுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. லண்டன் அமைப்பும் அப்படியே.

ஆகவே லண்டன் அமைப்பைத் தொடக்கநிலை மாணவருக்குத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். அதை ஏளனம் செய்வோர் நேரமும் பணமும் குறைந்த மாணவரின் நிலையைப் பார்க்கத் தவறுகிறார்கள். எட்டு நகர்வில் எல்லாம் முடிந்தது என்று விற்போர் அதே மாணவரின் அறிவைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். எட்டு நகர்வுகளுக்குப் பிறகு தானாகச் சிந்திக்க வேண்டும் என்று முதல் நாளிலேயே சொல்லிக் கொடுத்தால், மாத்தூரின் மாணவர் இழப்பது ஒன்றுமில்லை. மிஞ்சும் நேரம் முழுவதும் அவருடைய ஆட்டத்தை வளர்க்கப் பயன்படும்.